குழை தொங்கிய பாதை

செனகலுக்கு முதல்முறை போகப்போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, அங்கே சோறு கிடைக்குமா என்பதுதான். வன்னியில் வருடக்கணக்காகக் கண்ணிவெடி எடுத்தவர்களுக்கு வேறு கவலையே இல்லைப் போலும்! கிடைக்கும். சோறும் மீனும் தாராளம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்திருங்கள். இரவில் படுக்க நுளம்புவலை கட்டாயம். இடது கையால் எதையும் நீட்டாதீர்கள். கடையில் விலை கேட்க முன்னர் கடைக்காரியின் சுகத்தையும் பிள்ளைகளின் சுகத்தையும் விசாரியுங்கள். இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவ்வளவையும் போனில் பதிந்துகொண்டு எழும்பிவிடுகிறார்கள். உயிர்க்காரியத்தைச் சொல்ல வாயெடுத்தால், ஒட்டுசுட்டான் பஸ் வந்துவிட்டதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அங்கே புதிதாக இருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் ஊரைப்போல இருப்பதைக் கண்டால்தான் பயப்பட வேண்டும்.

அந்த நாட்டின் தெற்கில் பெண்களுக்கு வெடி எடுக்கப் பழக்குவதற்காக நானும், என்னோடு வேலை செய்த புதுக்குடியிருப்பு அக்கா ஒருவரும் போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும் வழியில் ஜீப்பின் டயர் காற்றுப் போய்விட்டது. சாரதி சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு ஒதுங்க இடம் தேவைப்பட்டது. ரோட்டோரம் முழுக்க வெட்டவெளி. வளைவுக்கு அப்பால் மரமுந்திரிகைக் காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை போனது. அதன் வாசலில், மரக்கொப்பில் இலையோடு முறித்த பச்சைக்குழை தொங்கியது.

எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் பிள்ளையாருக்கென்று ஒரு குழையை முறித்து இப்படித்தான் தொங்கவிடுவார்கள். யானை எதிர்ப்படாமல் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். குழை வாடாமல் இருந்தால் இன்றைக்கு ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

“இஞ்ச பார், எங்கட ஊர் மாதிரியே. இண்டைக்கும் ஆக்கள் போயிருக்கினம்” என்று சிரித்தார் அக்கா. தானும் ஒரு குழையை முறித்துத் தொங்கவிட்டு உள்ளே நடந்தார். நான் வாசலில் காவல் நின்றேன்.

தலையில் விறகோடு ரோட்டில் வந்த ஒரு பெண் அக்காவைக் கண்டாள். விறகைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் ஆட்டி அலறினாள். மொழி எனக்கு விளங்கவில்லை. அவளுடைய முகம் விளங்கியது.

“அக்கா, நில்லுங்கோ! அசையாதேங்கோ!”

அவர் அப்படியே நின்றார். கவசமும் இல்லை, கருவியும் இல்லை, காலில் ரப்பர் செருப்பு மட்டும். காலையில் பெய்த மழையில் நிலம் இளகியிருந்ததால் அவர் நடந்த தடங்கள் தெரிந்தன.

“வந்த அடியிலயே வாங்கோ அக்கா. அவசரப்படாதேங்கோ.”

ஒவ்வொரு தடத்திலும் காலை வைத்து வந்தார். எனக்குத் தெரிந்த தெய்வம் ஒன்றையும் நான் விடவில்லை. வெளியே வந்ததும் ரோட்டிலேயே குந்திவிட்டார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சாரதி அந்தப் பெண்ணோடு கதைத்துவிட்டு, அரைகுறை ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னான். உள்ளே வெடி இருக்கிறது, போகாதே என்பதற்குத்தான் அந்தக் குழை. வாடுமுன் மாற்றிக் கட்டுகிறவள் இவள்தான். ஆட்டைத் தேடி உள்ளே போன இவளுடைய மகன் திரும்பவில்லை; சத்தம் மட்டும் கேட்டதாம். எடுத்துவர ஒருவருக்கும் துணிவில்லை. அவன் இன்னும் உள்ளேதான் கிடக்கிறான்.

அக்கா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரோட்டில் கையூன்றி எழும்பினார்.

“பெடியன் எந்தப் பக்கம் போனவன் எண்டு கேள்” என்றார் என்னிடம்.