ஸ்பேனர் பிடிக்க ஓர் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அயனம்பாக்கம் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டேன். ‘பார்க்கிங்கில் என் பைக் இன்ஜினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கப் பத்து நிமிஷம் யாராவது வர முடியுமா?’

கட்டைவிரல்கள் வந்தன. கூப்பிய கைகள் வந்தன. ஒருவர் பூங்கொத்துகூட அனுப்பினார். ஆள்தான் வரவில்லை!

இன்ஜினைப் பிரிப்பது தனி ஆள் வேலை. திரும்ப மாட்டும்போது, கேம் டைமிங், அதாவது வால்வு திறந்து மூடும் நேரம், வைக்கிற இடத்தில்தான் இன்னொருவர் வேண்டும். கீழே மேக்னட் சக்கரத்தில் இருக்கும் கோடு இன்ஜின் கூட்டில் உள்ள வெட்டுக்கும், மேலே கேம் பல்சக்கரத்தில் இருக்கும் புள்ளி அதன் குறிக்கும் ஒரே சமயத்தில் நேராக நிற்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் வம்பு. பிஸ்டன் மேலே வரும்போது வால்வில் போய் இடிக்கும். வால்வு வளைந்தால்...? இந்தப் பழைய வண்டிக்குக் காயலான் கடைதான் கதி. புனேயில் இருக்கும் மகள் அதைத்தான் போன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டையும் இணைக்கும் செயினை ஏற்ற இரண்டு கையும் வேண்டும். ஏற்றினால், கீழே கோடு நகர்ந்துவிடுகிறது. முன்பெல்லாம் கோடு நகராமல் கீழே ஸ்பேனரால் பிடிப்பது என் மனைவி. “சாம்பார் அடி பிடிக்குது, சீக்கிரம்” என்று திட்டிக்கொண்டே அசையாமல் பிடிப்பாள். அவள் போய் இரண்டு வருஷம். திட்டக்கூட ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் தெரியுமா? தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அப்போதுதான் தரைத்தளத்து ஏழுமலை வந்தார். உதவிக்கு இல்லை – சண்டைக்கு! இந்த அபார்ட்மெண்ட் நிற்பதே அவர் நிலத்தில்தான். நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு ஃப்ளாட் வாங்கிக்கொண்டவர். பார்க்கிங்கில் ஒரு சொட்டு ஆயில் சிந்தினாலும் பொறுக்க மாட்டார்.

“இன்னா சார் இது? தரையெல்லாம் ஆயிலு ஊத்தி வச்சுகீற?”

“துடைச்சிடறேன். அதுக்கு முன்னாடி இந்த ஸ்பேனரைக் கொஞ்சம் பிடிங்க.”

என்ன நினைத்தாரோ, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குரூப்பில் கேட்டால் வராத உதவி, கையில் திணித்தால் வந்துவிடுகிறது.

“இந்தக் கோடு அந்த வெட்டுக்கு நேரா நிக்கணும். அசையக் கூடாது.”

“நான் இன்னாத்துக்கு அசையப் போறேன்? நீ மேல பாரு சார்.”

செயின் உட்கார்ந்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாட்டினேன். கிக்கரை உதைப்பதற்கு முன் இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்ப்பது வழக்கம். உள்ளே இடித்தால் கைக்குத் தெரிந்துவிடும். ஏழுமலையையே சுற்றச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். எங்கும் இடிக்கவில்லை. கோடும் புள்ளியும் திரும்ப வந்து நேராக நின்றன.

மூடியெல்லாம் மாட்டி, ஆயில் ஊற்றி, உதைத்தேன். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு இன்ஜின் உயிர் பெற்றது.

“ஓடுது சார்!” என்று கத்தினார் ஏழுமலை. என் கண் மாடிக்குப் போனது. ஓடிப்போய் இதைச் சொல்ல அங்கே யாருமில்லை.

தரையைத் துடைத்து முடித்தோம். அவர் கிளம்பவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். சீட்டைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“பசங்க ரெண்டு பேரும் வெளியூரு. ஊட்ல சும்மாதான் கீறேன்... அடுத்த ஞாயித்துக்கெழம எதுனா கழட்டுவியா சார்?”

கார்புரேட்டரில் ஒரு குறையும் இல்லை. கழற்றத்தான் போகிறேன்!