எச்சிலும் சளியும்

நகரிப் பக்கத்துத் தாட்சாயணியின் புருஷன் எத்திராஜ், ஆந்திர ராஜ்யம் பிரிந்த மறுவருஷம் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டான். தையல் நன்றாகத்தான் ஆறிவந்தது. ஆனால் வார்டில் படுத்திருக்கையிலேயே இருமலும் காய்ச்சலும் பிடித்துக்கொண்டன. ஆஸ்பத்திரிக் கிருமி நெஞ்சில் தொற்றிவிட்டது என்றார் டாக்டர். பென்சிலின் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை.

காலையானால் வார்டு ஆள் சீசாவை நீட்டுவான். எத்திராஜ் துப்புவான். சீசா பஸ் ஏறித் திருப்பதிக்குப் பரிசோதனைக்குப் போகும். வருகிற பதில் மட்டும் மாறவே மாறாது: வாயில் இருக்கும் சாதாரணக் கிருமிகள்.

மறுபடியும் அதே பதில் வந்ததும் தாட்சாயணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்டுக்கு வந்த டாக்டரை மறித்துக் கேட்டாள்.

“மனுசன் மூச்சுக்குத் திண்டாடிக்கினு கீறாரு. ஒண்ணுமே சொல்லாத டெஸ்ட்டு எதுக்கு சார்?”

“தையல் வலிக்கு பயந்து அவர் ஆழமா இருமறதில்லம்மா. எச்சில்தான் வருது, அதுல நெஞ்சுக் கிருமி தெரியாது. வயித்த அழுத்திப் பிடிச்சிக்கினா இருமலாம்.”

“இத மொத நாளே சொல்றதுக்கு என்னா?”

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவள் பழைய புடவையை மடித்து எத்திராஜின் வயிற்றில் வைத்து அழுத்தினாள். “இப்ப இருமுய்யா.” அவன் அலறிக்கொண்டே இருமினான். கெட்டியாக மஞ்சள் சளி விழுந்தது.

இந்தக் கிருமிக்குப் பென்சிலின் கேட்காது என்று இம்முறை திருப்பதியிலிருந்து பதில் வந்தது. மருந்தை மாற்றியதும் காய்ச்சல் விட்டது. எத்திராஜ் பிழைத்தான், ஆனால் ஏர் பிடிக்கும் தெம்பு திரும்பவில்லை. ஊரில் யாராவது அந்த டாக்டரைக் கைராசிக்காரர் என்றால் தாட்சாயணி எழுந்து போய்விடுவாள்.