பம்பாய்க் குளம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பக்கம் நிறைய எழுதியது பரீட்சையில் மட்டும்தான். எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கப்பல் கட்டும் தளம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் மகன் போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினான். வெள்ளைக்காரர் காலத்தில் கருங்கல்லால் கட்டிய உலர்துறையாம், 'டிரை டாக்' என்கிறான். கப்பலை உள்ளே விட்டு, இரும்புக் கதவை மூடி, தண்ணீரை இறைத்துவிடுகிறார்கள். கப்பல் தரையில் உட்கார்ந்த பிறகு அடிப்பாகத்தைப் பழுது பார்க்கிறார்கள். "இதெல்லாம் நான் சின்னப் பிள்ளையிலேயே காரைக்கால்மேட்டில் பார்த்தாச்சு" என்றேன். அவன் நம்பவில்லை. பேசிப் புரியவைக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பம்பாயில் கடற்படைக் கப்பல்களைப் பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்தவர். ஒரு வருடம் பொங்கலுக்கு முன்பே டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். காலில் ஷூ. "எப்ப மாமா திரும்பிப் போவீங்க?" என்று நான் தினமும் கேட்பேன். அவர் கேட்காதது போல இருப்பார். அம்மா என்னை ஏதாவது வேலைக்கு அனுப்பிவிடுவார்.

அந்தச் சமயம் அப்பாவின் விசைப்படகு அடிப்பலகையில் தண்ணீர் வாங்க ஆரம்பித்திருந்தது. பழுது பார்க்கப் படகைக் கரையேற்ற வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. படகுக்காரர் கரையில் நின்று வாய்விட்டுக் கூப்பிடுவார். காதில் விழுந்தவர்கள் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வந்து தோள் கொடுப்பார்கள். ஆனால் கூப்பிட்டால்தான் வருவார்கள். கூப்பிடாமல் போய்த் தொட்டால், 'உனக்கு வக்கில்லை' என்று படகுக்காரர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

"ஆளே வேணாம் மச்சான். டிரை டாக் போட்டுடலாம்" என்றார் மாமா.

அப்பா, "செய் மாப்ள" என்றார்.

அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கரையில் ஏற்கனவே ஒரு பள்ளம் இருந்தது. மாமாவும் அப்பாவின் படகில் வேலை பார்த்த இரண்டு பேரும் அதை ஆழமாக வெட்டினார்கள். அமாவாசையன்று தண்ணீர் ஏறியபோது படகை உள்ளே விட்டு, பள்ளத்தின் வாயை மண்ணால் அணை போட்டு அடைத்தார்கள். தண்ணீர் இறைக்கக் குரும்பகரத்திலிருந்து ஆயில் இன்ஜின் வந்தது. அதைக் கொண்டுவந்த விவசாயி, "வயலுக்குத் தண்ணி வைக்கிற இன்ஜினுங்க. ஆத்தைக் காயவைக்கச் சொல்றீங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

தண்ணீர் வற்ற வற்ற, படகு அடியில் போட்டிருந்த கட்டைகளின் மேல் அலுங்காமல் உட்கார்ந்தது. பள்ளத்தில் மாட்டிக்கொண்ட மீன்கள் துள்ளின. பாவாடையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். உலகத்திலேயே பெரிய ஆள் என் மாமாதான் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

ஊருக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் தோள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று எல்லோருக்கும் மனத்தாங்கல். எதிர்வீட்டுப் பெரியப்பா தினமும் கரைக்கு வந்து விசாரிப்பார்.

"ஏன் மாப்ள, ஒன் பம்பாய்க் கொளத்துல தாமரை எப்பப் பூக்கும்?"

"படகு மெதக்கும், வந்து பாருங்க மச்சான்."

பலகை மாற்றி, இடுக்குகளில் பஞ்சு அடைத்து, சாயமும் பூசியாயிற்று. பௌர்ணமியன்று காலையில் தண்ணீர் ஏறியதும் அணையை வெட்டினார்கள். ஊரே கரையில் நின்று பார்த்தது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. படகு ஒரு ஆட்டம் ஆடி எழும்பியது. நான் கைதட்டினேன்.

பம்பாயில் இருந்தது இரும்புக் கதவு. இங்கே இருந்தது மண். வெட்டிய மண் கரைந்து வாயிலேயே படிந்து மேடாகிவிட்டது. பாதி வெளியே வந்த படகு அதில் தட்டி நின்றது. மாமாவும் அந்த இரண்டு பேரும் தள்ளினார்கள். அசையவில்லை. தண்ணீர் வற்றத் தொடங்கியது. இன்னும் வற்றினால் படகு மேட்டின் மேல் சாய்ந்து, புதுப் பலகையோடு பிளந்துவிடும். எங்களுக்குச் சோறு போடுவது அந்த ஒரு படகுதான்.

கரையில் அத்தனை பேர் நின்றும் ஒருவரும் அசையவில்லை. தாமரை பற்றிக் கேட்கக்கூட யாருக்கும் வாய் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா மணலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் ஓடினார்.

"என்னங்க, கூப்புடுங்களேன்! படகு போயிரும்ங்க."

"படகுதான் என்னுது. கொளம் அவன் வெட்டுனது" என்றார் அப்பா. எழுந்திருக்கவில்லை.

படகின் அடியில் எதுவோ கிறீச்சிட்டது. மாமா ஒருமுறை அப்பாவைப் பார்த்தார். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இடுப்பளவு சேற்றில் நின்றபடி, ஊரைப் பார்த்துக் கத்தினார்.

"மச்சான்... எல்லாரும் வாங்க! ஒரு கை குடுங்க!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டார். "இதைச் சொல்றதுக்கு ஒனக்கு இம்புட்டு நேரமா? தள்ளுறா!" பின்னாலேயே மொத்தக் கரையும் இறங்கியது. படகு மேட்டைத் தாண்டி ஆற்றுக்குள் வழுக்கிப் போனது. மாமா குப்புறச் சேற்றில் விழுந்தார். பெரியப்பா அவரை முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்த, இருவரும் சிரித்தார்கள். அம்மா எல்லோருக்கும் டீயும் காராபூந்தியும் கொடுத்தார்.

நான் மட்டும் டீ குடிக்கவில்லை. மாமா தோற்றுப்போனார், அதற்கு அப்பாதான் காரணம் என்று இருவரோடும் பேசாமல் இருந்தேன். அப்பா முன்னமே ஊரைக் கூப்பிட்டிருந்தால் மாமாவுக்கு அந்த அவமானம் இல்லையே என்று நினைத்தேன். பம்பாயில் மாமாவின் வேலை போய்விட்டது, இனி அவர் பிழைக்க வேண்டியது இந்தக் கரையில்தான் என்பது வீட்டில் எனக்கு மட்டும் தெரியாது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தபோது அப்பா எதற்காக உட்கார்ந்தே இருந்தார் என்பதும் அப்போது தெரியாது.

மறுநாள் விடியற்காலையில் மாமா பெரியப்பாவின் படகில் கடலுக்குப் போனார். முகத்துவாரம் தாண்டியதுமே வாந்தி எடுத்தாராம்.