குறைந்த மின்னழுத்தத்தில் ஒரு கிடார்

தன் கல்யாண வரவேற்புக்கு டிஜே வேண்டாம் என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது சந்தோஷப்பட்டேன். அடுத்த வாக்கியம் வரும்வரை அது நீடித்தது.

"நீயே கிடாருல லீட் வாசிப்பா. நா சின்னப் புள்ளயா இருக்கும்போது சாயங்காலம் வாசிப்பியே, அந்த டியூனு. ஆனா இப்ப உன் பெட்டியில வர்ற சவுண்டு வேணாம். தகரத்த ஆணியால கீறுற மாதிரி இருக்குது. அடுத்த மாசம் வந்து கேப்பேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுனா டிஜேவுக்கு அட்வான்ஸ் குடுத்துடுவேன்."

பெட்டி என்று அவள் சொன்னது வால்வு ஆம்ப்ளிஃபையரை. வாலாஜாபாத்தில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்தபோது அவர்களிடம் வாங்கியது. இருவர் தூக்க வேண்டிய கனம். சுவிட்சைப் போட்டால் கண்ணாடிக் குழல்கள் மெல்லச் செந்நிறமாகும். இப்படிப்பட்ட பெட்டியில் லீட் கிடார் வெல்லப்பாகு மாதிரி கனிந்து ஒலிக்கும் என்று கேள்விப்பட்டு, ஓய்வூதியக்காரனுக்குப் பொருந்தாத ஆசையோடு கொண்டுவந்தேன்.

நான் மின் விநியோகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சாதனம் சரியாக வேலை செய்யவில்லை என்றால் எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அந்த வரிசைப்படியே போனேன். தோட்டத்தில் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டுப் புதிய எர்த் அமைத்தேன். பழைய கெப்பாசிட்டர்களை மாற்றினேன். புது வால்வுகள் வரவழைத்தேன். எங்கள் தெருவில் மாலையானால் மின்னழுத்தம் படுத்துவிடும் என்பதால், குளிர்சாதனப் பெட்டிக்குக்கூட வாங்காத உயர் ரக ஸ்டெபிலைசர் ஒன்றை இதற்கு வாங்கினேன். எல்லாம் விதிமுறைப்படி. ஒலி மட்டும் தகரமாகவே இருந்தது.

கருட சேவைக்கு முந்தின நாள் சாயங்காலம். தெரு முழுக்க சீரியல் விளக்கு, ஜூஸ் கடை, ஒலிபெருக்கி. பாதிப்பேர் கம்பத்தில் நேராகக் கொக்கி போட்டிருந்தார்கள். அதைக் கண்டும் காணாமல் இருக்கும் உரிமை ஓய்வு பெற்றவனுக்கு உண்டு. மின்னழுத்தம் விழுந்த வேகத்தில் என் உயர் ரக ஸ்டெபிலைசர் 'இதற்குமேல் என்னால் ஆகாது' என்று அணைந்துகொண்டது. எரிச்சலில் அதைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகினேன். அறை விளக்கு மங்கிய மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கிடாரில் ஒரு சுரத்தை இழுத்தேன்.

கையை எடுத்துவிட்டேன். அந்த ஒலி என்னுடையதாக இருக்க முடியாது. தடித்து, ஓரம் மழுங்கி, முனகலாகத் தொடங்கி மெல்ல விரிந்தது. திரும்ப இழுத்தேன். அதேதான். மீட்டரை எடுத்துப் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது வோல்ட் வர வேண்டிய இடத்தில் நூற்றெண்பதைத் தாண்டவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். பணிக்காலம் முழுவதும் எந்தக் குறைக்காகப் பொதுமக்கள் என்னைத் திட்டினார்களோ, அந்தக் குறைதான் இங்கே பாடிக்கொண்டிருந்தது.

திருவிழா முடிந்த பிறகும், மாலை வேளையில் எங்கள் தெருவின் இயல்பான கேவலமே எனக்குப் போதுமானதாக இருந்தது. தினமும் வாசித்தேன். மகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வந்து கேட்கட்டும்.

அவள் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, என்னிடம் முன்பு இளநிலைப் பொறியாளராக இருந்தவர் அழைத்தார்.

"சார், சந்தோஷமான சேதி. உங்க தெருவுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் நாளைக்கு ஏத்துறோம். நீங்க எழுதிக் குடுத்த மனுதான் சார். ஒரு குத்தம் சொல்ல முடியல யாராலயும்!"

மனுவைப் பல மாதங்களுக்கு முன்பு நான்தான் எழுதினேன். பக்கத்து வீட்டுப் பட்டு நெசவுக்கார அம்மாவுக்காக. அவர் வீட்டில் நூல் சுற்றும் மோட்டார் மாலையில் உறுமிக்கொண்டு நின்றுவிடும். அடுத்த நாள் தறிக்கு நூல் இருக்காது. யாரும் திருப்பி அனுப்ப முடியாதபடி, எல்லா விதிகளையும் சுட்டி எழுதியிருந்தேன். என் திறமையை முதல்முறையாக நொந்துகொண்டேன்.

தடுக்கவும் வழி தெரியும். கம்பம் நடும் இடம் பொதுப் பாதை என்று ஓர் ஆட்சேபம் போதும், கல்யாணம் முடியும்வரை இழுக்கும். தாளை எடுத்து 'பெறுநர்' வரை எழுதிவிட்டேன். அப்போது சுவருக்கு அந்தப்பக்கம் மோட்டார் உறுமி நிற்பதும், அந்த அம்மா அதைத் தட்டுவதும் கேட்டன. தாளைக் கிழித்துப் போட்டேன்.

டிரான்ஸ்ஃபார்மர் ஏறியது. மறுநாள் மாலை விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. என் கிடார் பழையபடி தகரமானது. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார்.

"மோட்டாரு சும்மா பறக்குது சார், நல்லா இருக்கணும் நீங்க. ஆமா, உங்க கிடாருக்கு என்னா ஆச்சு? நேத்து வரைக்கும் நல்லாத்தான அழுதுகினு இருந்துச்சு? இப்ப யாரோ அத அடிக்கிற மாதிரி கத்துது?"

"கரண்ட் நல்லா வருதும்மா. அதான்."

"அய்யே! நல்லா வந்தா கெட்டுப்பூடுமா? அப்ப அதுக்கு மட்டும் கம்மியா குடுங்க."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவியைக் கல்லூரிச் சோதனைக்கூடத்திலேயே திருகியிருக்கிறேன். டிம்மர்ஸ்டாட் என்று பெயர், தலையில் ஒரு குமிழ் இருக்கும். ஆனால் வேண்டுமென்றே ஒருவன் மின்னழுத்தத்தைக் குறைப்பான் என்பது, அதை உயர்த்தியே சம்பளம் வாங்கிய மூளைக்கு எட்டவே இல்லை. மறுநாள் சென்னைக்குப் போய்ப் பழையதாக ஒன்று வாங்கிவந்தேன்.

டிரான்ஸ்ஃபார்மர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த பழைய இளநிலைப் பொறியாளர், நான் குமிழைக் கீழே திருகுவதைப் பார்த்துவிட்டார்.

"சார்... கொறைக்கிறீங்களா? நீங்களா?"

"வெளிய சொல்லிடாதப்பா. பென்ஷன நிறுத்திடுவானுங்க."

சனிக்கிழமை மகள் வந்தாள். தோள்பையை இறக்கவில்லை.

"வாசிப்பா."

வாசித்தேன். பாதியில் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். முடித்ததும், "இன்னொரு வாட்டி" என்றாள். இன்னொரு முறை வாசித்தேன். போனை எடுத்து டிஜேக்காரரை அழைத்தாள்.

"அண்ணா, டிஜே வேணாம்ணா. இல்லண்ணா, ரேட்டு பிரச்சன இல்ல. எங்கப்பா வாசிக்கிறாரு."

என்னைப் பற்றி அவள் அப்படி நிமிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அந்த இன்பம் அரை நிமிடம்கூட இருந்திருக்காது. பிறகுதான் உறைத்தது. சம்பந்தி வீட்டார் முன்னால், என் பழைய அலுவலகத்தார் முன்னால், மேடையேறி நான் வாசித்தாக வேண்டும். இதுவரை எது பிசகினாலும் பெட்டி சரியில்லை என்று சொல்லிவந்தேன். இப்போது பெட்டி சரியாகிவிட்டது.