கன்னத்தில் விட்ட இடம்

பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்ததும் அட்டைக்காரர் முதலில் தேடுவது கறையைத்தான். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மற்ற ஓவியர்கள் நல்ல காகிதம் தேடி அலைவார்கள். இவருக்கு எண்ணெய் ஊறி, ஈரம் பட்டு, கடைக்காரர் வீசியெறிந்த பெட்டி வேண்டும். அதில் அச்சு அசலாக ஆள் முகம் வரைவார். அட்டையின் பழுப்பே தோல். நிழலுக்குக் கரித்துண்டு, வெளிச்சத்துக்குச் சாக்பீஸ், அவ்வளவுதான் சரக்கு. மடிப்பு நெற்றிச் சுருக்கமாகும், கறை கன்னத்து நிழலாகும். கறை உள்ள இடத்தில் கரியைத் தொடவே மாட்டார், அப்படி ஒரு பிடிவாதம். "பாதி வேலையப் பெட்டியே பாத்து வச்சிருது. மீதியத்தான் நான் பாக்குறேன்," என்பார்.

வீட்டு நாற்காலிகளில் எல்லாம் அட்டை காய்கிறது. "இந்த வீட்ல அட்டைதான் உக்காரும், மனுஷங்க நிக்கணும்," என்பார் மனைவி.

போன வாரம் அந்த மனைவியையே ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்தார். இடக் கன்னம் வரவேண்டிய இடத்தில் அருமையான கறை ஒன்று அகப்பட்டது. மனிதருக்கு ஏகக் குஷி. அதை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் கரியை இழைத்தார்.

மனைவி எழுந்து வந்து பார்த்தார். "ஏங்க, கன்னத்துல மட்டும் ஏன் வெறுமனே விட்டுட்டீங்க? ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு."

"அதான் கறை இருக்கே."

"எங்க இருக்கு?"

விரல் வைத்துக் காட்டப் போனார். கறை நெற்றிக்கு ஏறியிருந்தது. சுவரைப் பார்த்தார், அங்கும் இருந்தது. உள்ளங்கையைப் பார்த்தார், அதிலும் இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார், அப்போதும் இருந்தது.

அன்றிலிருந்து மனிதர் நடுங்கிப் போயிருக்கிறார். காலையில் விழிப்பு வந்தாலும் கண்ணைத் திறப்பதில்லை. கறை பெரிதாகியிருந்தால் என்ன செய்வது? பெட்டி பொறுக்கவும் போவதில்லை. கேட்டால், "மழை வர்ற மாதிரி இருக்கு," என்கிறார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

"டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுதான் சொல்லப்போறார்," என்றார் மனைவி.

"இருக்குன்னு சொல்லிட்டா?"

"வைத்தியம் பாப்போம். கண்ண மூடிப் படுத்துக்கிட்டா போயிடுமா?"

இன்று ஒருவழியாகச் சம்மதித்தார். சட்டையும் மாட்டியாகிவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற மனைவி, "வாங்க, நேரமாச்சு," என்றார். அட்டைக்காரர் திரும்பினார். கறை நேராக மனைவியின் முகத்தில் போய் உட்கார்ந்தது.

"கொஞ்சம் அப்படியே நில்லு."

பார்வையை மெல்ல மனைவியின் காதோரத்துக்கு நகர்த்தினார். கறையும் கூடவே நகர்ந்தது. முகம் வெளியே வந்தது. காதையே பார்த்தபடி நின்றார். ஆள்காட்டி விரல் மட்டும் கதவுப் பலகையில் அந்த இடக் கன்னத்தை வரைந்துகொண்டிருந்தது.