விருந்தாளிக்கென்று வைத்த காபிப்பொடி

இன்று அம்பத்தூர் கடையில் துணிந்து, சிக்கரி கலக்காத காபிப்பொடி கால் கிலோ வாங்கினேன்.

விலையைப் பார்த்த மனைவி பாக்கெட்டை மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். "யாராவது வந்தா பிரிச்சுக்கலாம்."

எனக்கு ஆவடி குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவுக்கு ஃபாக்டரி வேலை.

அம்மாவிடம் இரண்டு டப்பா. வீட்டுக்கு, பாதிக்குப் பாதி சிக்கரி. வாரா வாரம் புதிதாக அரைத்து வாங்குவாள். விருந்தாளிக்கு, சுத்தமான பொடி. அதைத் திறக்கும் தகுதியுள்ள விருந்தாளி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஃபோர்மேன் வந்தார். டப்பா திறந்தது. ஒரு வாய் குடித்தவர் டம்ளரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மல்லிகாக்கா வந்தார். தினமும் வருகிறவர் விருந்தாளியா என்ன? அவருக்கு வீட்டுக் காபிதான். மணம் கூடத்தைத் தூக்கியது.

மல்லிகாக்கா ஃபோர்மேனின் டம்ளரை எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, சாருக்கு ஒடம்பு சரியில்லியா? கசாயம் குட்த்துகீறே?"

ஃபோர்மேன் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, அவங்களுக்குக் குடுத்ததுல எனக்கும் அரை டம்ளர் கெடைக்குமா?"

இந்தக் கதையை மனைவியிடம் சொன்னேன். நன்றாகச் சிரித்தாள். பாக்கெட் இறங்கவில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு வெளியே போய் நின்று, என் வீட்டுக் காலிங்பெல்லை நானே அடிக்கப்போகிறேன். தனியாகப் போனால் நம்ப மாட்டாள். துணைக்கு யார் வருகிறீர்கள்?