பால் சமம்

நான் ஒரு முட்டாள். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பெண்ணும் ஆணும் சமம் என்று ஒரு கம்பெனிக்கே பாடம் நடத்தப் புறப்பட்டவன் நான். கடைசியில் எல்லோருக்கும் டம்ளர் டம்ளராகப் பால் தருவதாக பேனர் கட்டி மாட்டிக்கொண்டேன்.

ஓசூருக்கு வெளியே, கர்நாடக பஸ் ஹாரன் கேட்கிற தூரத்தில் இருந்தது கம்பெனி. கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டித் தருவது தொழில். ஒயர் கட்டும் லைனில் நிற்பவர்கள் எல்லோரும் பெண்கள். நான் ட்ரெயினிங் டிபார்ட்மெண்ட். மத்தூரில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இங்கிலீஷ் புரிந்த மாதிரி தலையாட்டத் தெரிந்ததுதான் என் தகுதி. ஜெர்மனியில் இருந்த தலைமை ஆபீஸ், உலகத்தில் தனக்குள்ள எல்லா ஃபேக்டரியிலும் ஆண் பெண் சமத்துவ வகுப்பு நடத்தச் சொன்னபோது, "இவன்தான் நல்லா தலையாட்டுறான்" என்று என்னை மொழிபெயர்க்கப் போட்டார்கள்.

வியாழக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீன் மாடியில் வகுப்பு. ஜன்னலைத் திறந்தால் ஓசூர்க் குளிர்காற்று, மூடினால் போண்டா வாசம். சுவரில் பெரிய டி.வி. அதில் ஒரு கட்டத்தில் ஜெர்மன் மேடம், இன்னொன்றில் வியட்நாம் ஃபேக்டரிப் பெண்கள், மற்றொன்றில் மொராக்கோ ஃபேக்டரிப் பெண்கள். நான்காவது கட்டத்தில் நாங்கள். மேடம் ஒரு வாக்கியம் சொல்லி அது மூன்று மொழிக்குள் இறங்கி ஏறுவதற்குள் டீ ஆறிவிடும். எங்கள் கட்டத்துக்குள்ளேயே தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பேர் மூன்று பக்கம் குசுகுசுத்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் பெண்கள் செய்யும் சம்பளமில்லாத வேலையைப் பற்றி மேடம் முதல் நாள் பேசினார். நான் அகராதியைப் பார்த்து, "ஊதியமில்லாப் பராமரிப்புப் பணி" என்று கம்பீரமாக முழங்கினேன். கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி, வளையல் கடைக்காரர் மகள், வாய்க்குப் பூட்டே கிடையாது, எழுந்து நின்றாள்.

"சார், சம்பளம் இல்லாம எங்களை மெயின்டெனன்ஸ்ல போடப் போறீங்களா?"

கம்பெனியில் பராமரிப்பு என்றால் ஸ்பேனரும் கிரீஸுமாக அலைகிற டிபார்ட்மெண்ட். யாராவது சொன்னால்தானே எனக்கு உறைக்கும்!

"அதில்லம்மா. சமையல், பாத்திரம், துணி, அந்த வேலை."

"ஓ, அதா? உங்க டிபன் பாக்ஸ் யாரு சார் கழுவுறாங்க?"

எனக்குப் பொய் சொல்ல வராது. திருதிருவென்று முழித்தேன். என் மனைவியும் பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவள்தான் என்பது இவர்களுக்கெல்லாம் தெரியும். எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மேடம் கேட்டார். மொழிபெயர்த்துத் தொலைத்தேன். முதலில் வியட்நாம் சிரித்தது, அப்புறம் மொராக்கோ. மூன்று நாட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் என் டிபன் பாக்ஸைப் பார்த்துச் சிரித்த நாள் அது. அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கிடக்கிறது. அதன் பிறகு என்னை யாரும் அவ்வளவு ஒற்றுமையாகக் கேலி செய்ததில்லை.

பேனர் கதைக்கு வருகிறேன். "ஆணுக்கும் பெண்ணுக்கும் பாலினச் சமத்துவம்" என்று எழுதினால் துணியில் இடம் போதவில்லை. சுருக்கினேன். கேன்டீன் வாசலில் சிவப்பு எழுத்தில் தொங்கியது: "ஆணுக்கும் பெண்ணுக்கும் பால் சமம்."

பெயிண்ட் ஷாப் ஆண்களுக்கு அந்தப் புகைக்காக தினம் ஒரு டம்ளர் பால் கொடுப்பது வழக்கம். மறுநாள் காலை ஒயர் லைன் மொத்தமும் டம்ளரோடு கேன்டீனில் நின்றது. "கம்பெனியே எழுதிப் போட்டிருக்கு, ஊத்துங்க." மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என் தமிழைப் பற்றியும் என்னைப் பெற்றவர்களின் தமிழைப் பற்றியும் விசாரித்தார். ஆனாலும் ஊற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. என் வகுப்புகளால் கம்பெனிக்கு விளைந்த கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அந்தப் பால் ஒன்றுதான்.

பேனரைக் கழற்ற ஏணி போட்டேன். அப்போதுதான் லைன் லீடர் அக்கா வந்தார். தளி ரோட்டுப் பக்கம் ஊர், வீட்டில் கன்னடம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதிகம் பேசாதவர்.

"சார், கழட்டாதீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"எதுக்குக்கா?"

"எங்க அண்ணனுங்களுக்குக் காட்டணும். ஆணுக்கும் பொண்ணுக்கும் பாலு சமம்னு கம்பெனியே போட்டிருக்குன்னு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. கன்னடத்தில் பாலு என்றால் பங்கு. சொத்தில் பிரிகிற பங்கு. தமிழ்க்காரிகள் டம்ளரோடு வந்தார்கள். இவர் நிலத்தோடு வந்திருக்கிறார். ஏணியின் மேலிருந்தபடியே சிரித்துவிட்டேன்.

"அக்கா, இது அந்தப் பாலு இல்ல. இது ஆம்பளப் பால், பொம்பளப் பால்..."

"ஆம்பளப் பாலா?"

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். அக்கா சிரிக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே மெல்லச் சொன்னார். அப்பா போய்விட்டார். நிலம் ரோட்டோரம். சுற்றிலும் பிளாட் போட்டுக் கலர் கொடி நட்டுவிட்டார்கள். அண்ணன்கள் வருகிற திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தன் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று.

"பதிலுக்கு என்ன தர்றாங்க?"

"பட்டுப் புடவை. அரிசின குங்குமா." மஞ்சள் குங்குமம். பிறந்த வீடு பெண்ணுக்குச் செய்கிற மரியாதை.

நான் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சட்டப்படி மகளுக்கும் சம பங்கு உண்டு என்று ஆரம்பித்தேன்.

"சட்டம் தெரியும் சார். கௌரிப் பண்டிகைக்கு சட்டமா வந்து என்னைக் கூப்பிடும்?"

கௌரிப் பண்டிகைக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டு, முறத்தில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

"நாளைக்கு இந்த லைனை நிறுத்திட்டா எனக்குன்னு நிக்க ஒரு இடம் வேணும். ஆனா நான் கேட்டா பேராசைக்காரி. அதான், நான் கேக்கலே, கம்பெனி சொல்லுதுன்னு காட்டலாம்னு பாத்தேன்."

அந்த வியாழக்கிழமை வகுப்பில் மேடம் ஏதோ வரைபடம் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா கையைத் தூக்கினார். அத்தனை மாதத்தில் அதுதான் முதல் முறை.

"அந்த ஊருங்கள்ல கேளுங்க சார். தங்கச்சி பங்கை விட்டுக் குடுத்தா அண்ணன் என்ன தருவான்?"

கேட்டேன். வியட்நாம் கட்டத்தில் ஒரு பெண் யோசித்துச் சொன்னாள்: சாமி மாடமும் முன்னோர் படமும் அண்ணன் வீட்டில் இருக்கும், அதனால் வீடும் அவனுக்கே. அவளுக்குச் சாமி கும்பிட வர அனுமதி உண்டு. மொராக்கோக்காரி கையை விரித்தாள். அவர்கள் சட்டத்தில் எழுதி வைத்திருப்பதே அண்ணனுக்கு இரண்டு, தங்கைக்கு ஒன்று. அந்த ஒன்றையும் கேட்டுவிட்டால் விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். "எங்க சின்னம்மாவுக்கும் இதே கதைதான்" என்றாள் கிருஷ்ணகிரிக்காரி.

மேடம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் மரியாதைக்கு, "உங்கள் நாட்டில் இதெல்லாம் இருக்காது" என்றேன். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய அப்பாவுக்கும் பண்ணை இருந்ததாம். துண்டு போடக் கூடாது என்று முழுசாக அண்ணனுக்கே எழுதினார்களாம்.

"உங்களுக்கு?"

"வெள்ளிக் கரண்டிகள். அழகான பெட்டியில்."

மொழிபெயர்த்தேன். அக்கா டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு படிச்ச அம்மாவுக்கே கரண்டிதானா?" என்றார். பிறகு வந்தது சிரிப்பு. முதலில் அக்கா, அப்புறம் எல்லோரும். மேடத்துக்கு நான் மொழிபெயர்க்கவே இல்லை. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்தபடி.

திங்கட்கிழமை காலை அக்கா லைனில் நின்று ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

"லீவு போட்டிருந்தீங்களே?"

"கேன்சல் பண்ணிட்டேன்."

அவ்வளவுதான். அந்த வருஷம் கௌரிப் பண்டிகைக்குப் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. லைன் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கிருஷ்ணகிரிக்காரி அப்பா கடையிலிருந்து பச்சை வளையல் கொண்டு வந்தாள். முறத்தில் மஞ்சள், குங்குமம், தேங்காய் எல்லாம் வைத்து கேன்டீன் மேஜையிலேயே அக்காவுக்குக் கொடுத்தார்கள். என்னிடம் மல்லிப்பூ மட்டும் வாங்கி வரச் சொன்னார்கள். நான் விலை குறைவு என்று செண்டுப்பூ வாங்கிப் போய் திட்டு வாங்கினேன். அக்கா வளையலைப் போட்டுக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனார். முகம் கழுவிக்கொண்டு வர வெகு நேரம் ஆனது.

அடுத்த கௌரிக்கும் யாரும் வரவில்லை. அதற்கப்புறம்தான் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, நிலத்தின் ஒரு மூலையில், பாறை துருத்திக்கொண்டிருக்கும் துண்டை அளந்து அக்காவுக்கு எல்லைக் கல் நட்டார்கள். நல்ல மண்ணெல்லாம் அண்ணன்களுக்கே. "பரவால்ல, பாறையும் பங்குதான்" என்று அக்கா லட்டு கொடுத்தார்.

அவர் பயந்தது போலவே லைன் வேறு ஊருக்குப் போய்விட்டது. மாடி அறையில் இப்போது அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களாம். நான் கிருஷ்ணகிரிப் பக்கம் வேறொரு கம்பெனியில் தலையாட்டுகிறேன். இங்கேயும் வகுப்புகள் உண்டு. ஏ.சி. உண்டு, பிஸ்கட் உண்டு. போண்டா கிடையாது, யாரும் எழுந்து நின்று என் வீட்டுப் பாத்திரத்தை விசாரிப்பதும் கிடையாது. வியாழக்கிழமை மத்தியானம் வந்தால் கை தானாக ஜன்னல் பக்கம் போகிறது.

போன வாரம் அக்காவுக்குப் போன் போட்டேன். பாறை போக மிச்சத்தில் தக்காளி வைத்திருக்கிறாராம். பெரியண்ணன் இன்னும் பேசுவதில்லை, ஆனால் அந்த அண்ணன் மகள் மட்டும் தண்ணீர் பாய்ச்ச வருகிறாளாம். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம உங்க நெலத்தைப் பாக்க வர்றேங்க்கா. ஸ்வீட்டா, பழமா, என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"மம்பட்டி."